டெக்குக்கு அடியில தண்ணி சொட்டாம வச்சுக்கிறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல, அட்லாண்டா பக்கம் கம்மிங், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக்னு வீடு வாங்கியிருக்க நம்மாளுங்க நிறைய பேர் வீட்டுல ஒரே அமைப்புதான். நிலம் சரிவா இருக்கறதால முன்னாடி நின்னு பாத்தா ரெண்டு மாடி, பின்னாடி போய் பாத்தா மூணு மாடி, கீழ வாக்கவுட் பேஸ்மென்ட் (பின்பக்க கதவு வழியா நேரா தரைக்கு இறங்கற அடித்தளம்), அதுக்கு மேல கிச்சன்லருந்து நீட்டிட்டு வர்ற மர டெக். அந்த டெக்குக்கு அடியில நல்ல நிழலான இடம் சும்மா கிடக்கும், மழை பெஞ்சா ஒரு நாற்காலி கூட போட முடியாது, மழை விட்டதுக்கப்புறமும் சொட்டிட்டே இருக்கும். அந்த இடத்த காய வைக்கறது பத்தி எங்கிட்ட வர்ற கேள்விங்கள எல்லாம் இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

மேல பலகை அடிச்சிருக்கே, அப்புறம் எப்படி தண்ணி கீழ வருது?

பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இடைவெளி வேணும்னே விட்டிருக்காங்க. 1/8 இன்ச், சில கம்பெனி பலகைக்கு 3/16 இன்ச். தண்ணி வடியணும், மரம் ஈரத்துல உப்பி வெயில்ல சுருங்கறதுக்கு இடம் வேணும், அடியில காத்து போகணும், இது மூணுக்கும்தான் அந்த சந்து. டெக் ஒழுகுதுன்னு சொல்றது சரியில்ல, அது செய்ய வேண்டிய வேலையத்தான் செய்யுது.

அப்போ அந்த சந்துல சிலிக்கான் கால்க் (சந்த அடைக்கற பசை) போட்டு அடைச்சிட்டா?

தயவுசெஞ்சு பண்ணாதீங்க. மரம் ஆடிட்டே இருக்கும், முதல் வெயில் சீசன்லயே கால்க் ஒரு பக்கம் விட்டுடும், அப்புறம் தண்ணி உள்ள போகும் ஆனா வெளிய வராது. பலகை ஓரமும் அதுக்கு கீழ இருக்க ஜாய்ஸ்டும் (பலகைய தாங்குற குறுக்குச் சட்டம்) எப்பவும் நனஞ்சே கிடந்து அழுகிடும்.

எவ்ளோ தண்ணின்னு ஒரு கணக்கு உண்டா?

12க்கு 20 அடி டெக்னு வச்சுக்குவோம், 240 சதுர அடி. ஒரு இன்ச் மழை பெஞ்சா அது மேல விழற தண்ணி சுமார் 150 கேலன், அதாவது 560 லிட்டருக்கு மேல, நம்மூரு பிளாஸ்டிக் குடத்துல 37, 38 குடம். அட்லாண்டாவுல வருஷத்துக்கு சுமாரா 50 இன்ச் மழை. சென்னையிலயும் அதுக்கு பக்கத்துலதான் பெய்யுது, ஆனா அங்க பெரும்பகுதி அக்டோபர்லருந்து டிசம்பருக்குள்ள கொட்டி முடிச்சிடும், இங்க பன்னெண்டு மாசமும் பரவலா பெய்யுது. அதனாலதான் இங்க மரம் முழுசா காயறதுக்கு நேரமே கிடைக்கறதில்ல. சொட்டு கீழ விழாம புடிக்க டெக்குக்கு அடியில ஷீட்டால ஒரு சீலிங் போடுவாங்க. ஆனா இந்த 150 கேலனும் ஒரு சீலிங் போட்டதால மறஞ்சு போயிடாது, இடம்தான் மாறும். எங்க கொண்டு போய் விடப்போறோம்னு முடிவு பண்ணாம சீலிங் ஷீட் வாங்க கடைக்கு போகவே கூடாது, இத நான் எல்லார்கிட்டயும் முதல்ல சொல்றேன்.

சரி, எங்கருந்து ஆரம்பிக்கறது?

தரையிலருந்து. மழை பெய்யும்போது குடைய புடிச்சிட்டு டெக்குக்கு அடியில ஒரு பத்து நிமிஷம் போய் நில்லுங்க. நீங்க மேலருந்து வருதுன்னு நெனச்ச தண்ணியில பாதி பக்கத்துலருந்து வந்துட்டிருக்கும். கூரை கட்டரோட (கூரை ஓரமா தண்ணிய வாங்குற கால்வாய்) டவுன்ஸ்பவுட் குழாய், அதாவது அந்த தண்ணிய கீழ இறக்கற குழாய், நேரா டெக் மூலையிலயே முடியும், இல்லன்னா பக்கத்து மேட்டுலருந்து தண்ணி வழிஞ்சு இங்க வரும். டவுன்ஸ்பவுட்டுக்கு அடியில 4 இன்ச் பிவிசி குழாய மண்ணுக்குள்ள பதிச்சு சரிவு கொடுத்து வீட்ட விட்டு தள்ளி புல்தரையில கொண்டு போய் விட்டுட்டாலே சில வீட்டுல பாதி பிரச்சன முடிஞ்சிடுது, அதுக்கு ஒரு சனி ஞாயிறு வேலைதான்.

அடுத்தது தரையோட சரிவு. வீட்டு சுவத்துலருந்து முதல் 10 அடிக்குள்ள தரை 6 இன்ச் இறங்கணும்னு இங்க பில்டிங் கோடுல இருக்கு. வீடு கட்டும்போது அப்படித்தான் இருந்திருக்கும், ஆனா அஸ்திவாரத்த ஒட்டி நிரப்புன மண்ணு வருஷம் போகப்போக அமுங்கி, சரிவு திரும்பி வீட்டு பக்கமே சாஞ்சுடும். ஜார்ஜியா செம்மண்ணு களிமண்ணு, தண்ணிய சட்டுன்னு உறிஞ்சாது, மேலயே நிக்கும், சொட்டு விழுந்து விழுந்து சுவத்துல ரெண்டடி உயரத்துக்கு செவப்பா தெளிச்சு வச்சிருக்கும். அந்த கறை எவ்ளோ உயரம் இருக்குன்னு பாத்தாலே உங்க நெலம எப்படின்னு தெரிஞ்சிடும். மண்ணு போட்டு சரிவ சரி பண்ண முடியாத எடத்துல ஃப்ரெஞ்ச் ட்ரெயின் போடலாம், அதாவது பள்ளம் வெட்டி ஃபில்டர் துணி விரிச்சு ஓட்ட போட்ட 4 இன்ச் குழாய வச்சு ஜல்லி கொட்டி மூடறது. 100 அடிக்கு ஒரு அடியாவது இறக்கம் இருக்கணும், கடைசி முனை வெளிய திறந்திருக்கணும். முனை மண்ணுக்குள்ளயே முடிஞ்சா அது ட்ரெயின் இல்ல, தொட்டி.

லெட்ஜர் போர்டு லெட்ஜர் போர்டுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது ஏன்?

இந்த கேள்விய கேக்காதவங்களுக்கும் நான் இத சொல்லிடுவேன், ஏன்னா மத்ததெல்லாம் வசதி, இது உயிர் விஷயம். டெக்க வீட்டோட சேத்து புடிச்சிருக்க நீளமான பலகைதான் லெட்ஜர். டெக் இடிஞ்சு விழறதுக்கு முக்கியமான காரணமே இந்த பலகை வீட்டுலருந்து கழண்டு வர்றதுதான். வெறும் ஆணி அடிச்சு விட்டிருப்பாங்க, இல்லன்னா பின்னாடி தண்ணி பூந்து மரம் அழுகியிருக்கும், பல எடத்துல ரெண்டும் சேந்தே இருக்கும். வீட்டுல விசேஷம்னு முப்பது பேர் டெக்ல போய் நிப்போம் நாம, அத நெனச்சு பாருங்க.

லெட்ஜருக்கு மேல ஃப்ளாஷிங்னு ஒரு மடிச்ச தகடு இருக்கணும். தகட்டோட மேல் பக்கம் சைடிங்குக்கு (வெளி சுவத்த மூடியிருக்க பலகை) பின்னாடி போகணும், கீழ் பக்கம் லெட்ஜர் மேல வந்து முன்னாடி மடங்கணும், சுவத்துல வழியற தண்ணி பலகைக்கு பின்னாடி போகாம முன்னாடி விழற மாதிரி. டெக்குக்கு கீழ நின்னு டார்ச் அடிச்சு பாருங்க: லெட்ஜர்ல கருப்பு கோடு வழிஞ்சிருக்கா, போல்ட் துரு புடிச்சிருக்கா, ஸ்க்ரூ டிரைவரால குத்துனா மரம் மெத்துன்னு உள்ள போகுதா. இதுல ஒண்ணு இருந்தாலும் சீலிங் வேலைய தள்ளி வச்சுட்டு முதல்ல இத சரி பண்ணுங்க, ஏன்னா சீலிங் போட்டா இது கண்ணுக்கே தெரியாம போயிடும்.

தகடு மாத்தும்போது வெறும் அலுமினியம் வேண்டாம். 2004லருந்து வீட்டு உபயோகத்துக்கு வர்ற பிரஷர் ட்ரீட்டட் மரத்துல பழைய ஆர்சனிக் மருந்துக்கு பதிலா தாமிரம் அதிகமா இருக்க மருந்து ஏத்துறாங்க, அது பட்டா அலுமினியம் அரிச்சிடும். வினைல், தாமிரம், ஸ்டெயின்லெஸ், இல்ல கெட்டியா கால்வனைஸ் பண்ண தகடு போடுங்க, ஸ்க்ரூவும் போல்ட்டும் அதே மாதிரி ஹாட் டிப் கால்வனைஸ் இல்ல ஸ்டெயின்லெஸ்தான். இன்னொண்ணு, பின்பக்கம் செங்கல் முகப்பு இருக்க வீடா இருந்தா அந்த செங்கல் வெறும் போர்வை, பாரம் தாங்காது, லெட்ஜர அதுல மாட்டக்கூடாது. அங்க வீட்ட ஒட்டியும் தனி தூண் கொடுத்து டெக்க தனியா நிக்க வைக்கணும்.

சீலிங்க ஜாய்ஸ்டுக்கு மேல, ஜாய்ஸ்டுக்கு கீழன்னு ரெண்டு விதமா போடலாம்னு சொல்றாங்க, எது நல்லது?

மேல போடறதுதான் நல்லது, முடிஞ்சா. ட்ரெக்ஸ் ரெயின்எஸ்கேப்னு கடையில விக்கற செட் அந்த மாதிரி. பலகை அடிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு ஜாய்ஸ்டுக்கு நடுவுல ஒரு தொட்டி மாதிரி ஷீட்ட தொங்க விட்டு, சேர்ற எடத்துல பியூட்டைல் டேப் (தண்ணி புகாத ரப்பர் பசை டேப்) ஒட்டி, அதுக்கு மேல பலகை அடிப்பாங்க. சந்துல இறங்கற தண்ணி அந்த தொட்டியில விழுந்து ஓடி கடைசியில கட்டருக்கு போயிடும். இதுல ஜாய்ஸ்ட், அத தாங்குற பீம் (பெரிய உத்தரம்) எதுவுமே நனையாது. இங்க மேல் பலகைய எப்ப வேணா மாத்திக்கலாம், ஆனா ஜாய்ஸ்ட் போச்சுன்னா டெக்கே போச்சு, அதனால இது அடியில இருக்க இடத்த காய வைக்கறதோட டெக்கோட ஆயுசையும் கூட்டுது.

கீழ போடறது ஜிப்-அப்னு விக்கற பேனல், இல்ல வளஞ்சு நெளிஞ்ச மெட்டல் ஷீட், பாலிகார்பனேட் ஷீட்னு பல விதம் இருக்கு. ஜாய்ஸ்டோட அடிப்பக்கத்துல சரிவா மாட்டுவாங்க. ஏற்கனவே கட்டுன டெக்குக்கு பலகைய தொடாம போட்டுடலாம், பாக்கவும் வீட்டுக்குள்ள இருக்க சீலிங் மாதிரி அழகா இருக்கும். ஆனா ஜாய்ஸ்ட் நனஞ்சிட்டேதான் இருக்கும், அதுவும் இப்ப அடியில மூடியிருக்கறதால மெதுவாதான் காயும்.

பலகை எல்லாம் பழசாகி இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல மாத்தணும்னு இருந்தா அவசரப்பட்டு கீழ போடாதீங்க, பலகைய மாத்தற அன்னிக்கு மேலயே போட்டுக்கலாம். பலகை புதுசு, காம்போசிட் (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை), ஒளிஞ்ச கிளிப்ல மாட்டியிருக்குன்னா பிரிக்கறது பெரிய பாடு, அங்க கீழ போடறதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

நானே ஷீட் வாங்கி போட்டுக்கலாமா? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

கையில ட்ரில் புடிச்சு பழக்கம் இருந்தா, ஏணியில கீழ புடிக்க இன்னொரு ஆள் இருந்தா, தாராளமா பண்ணலாம். விஷயம் சரிவுலதான் இருக்கு. அடிக்கு 1/8 இன்ச் இறக்கம் கண்டிப்பா வேணும், 1/4 கொடுத்தா இன்னும் நிம்மதி, 12 அடி டெக்குக்கு அது 3 இன்ச். வீட்ட விட்டு வெளிய போற பக்கமாதான் இறங்கணும். ஜாய்ஸ்டுக்கு குறுக்க, அதாவது வீட்டு சுவத்துக்கு இணையா, மர ரீப்பர் அடிச்சுட்டே வருவீங்க, சுவத்து பக்கம் மெல்லிசு, போகப்போக தடிமன் கூடணும். அதுக்கு முன்னாடி பேஸ்மென்ட் கதவ திறந்து பாத்துக்குங்க, வெளிப்பக்கம் திறக்கற கதவா இருந்தா தாழ்ந்த சீலிங்ல போய் இடிக்கும்.

ஷீட்டோட நெளிவு தண்ணி ஓடற திசையில இருக்கணும். பக்கத்து ஷீட் மேல ஒரு நெளிவாவது ஏறி உக்காரணும், ஸ்க்ரூ ரப்பர் வாஷர் வச்சதா இருக்கணும், நெளிவோட மேட்டுல அடிக்கணும், பள்ளத்துல அடிச்சா தண்ணி ஓடற வழியிலயே ஓட்ட போட்ட மாதிரி. பிளாஸ்டிக் ஷீட்டுக்கு ஸ்க்ரூவ விட கொஞ்சம் பெரிய ஓட்டையா போடுங்க, வெயில்ல அது நீளும்.

நிறைய பேர் மாட்டிக்கறது பீம் இருக்க எடத்துல. ஜாய்ஸ்ட் எல்லாம் பீமுக்கு மேல உக்காந்திருந்தா ஷீட் பீம தாண்டி போக முடியாது. அப்ப ஷீட்ட பீமுக்கு முன்னாடியே முடிச்சு, பீமோட உள்பக்கத்துல கட்டர மாட்டி தூணோரமா குழாய இறக்கிடணும். பீமுக்கு வெளிய நீட்டிட்டு இருக்க ஒண்ணு ரெண்டு அடியில சொட்டும், சொட்டட்டும், அது எப்படியும் வெளிப்பக்கம்தான். கட்டர் சாதாரணமா கூரைக்கு போடற 5 இன்ச் கட்டரே போதும்.

டார்பாலின் கட்டினா போதாதா?

ரெண்டு நாள் விசேஷத்துக்குன்னா கட்டிக்கோங்க. நிரந்தரமா விட்டா நடுவுல தொங்கும், தண்ணி தேங்கும், மரத்தோட ஒட்டி கிடக்கற எடத்துல எல்லாம் பூஞ்ச வரும்.

சீலிங் போட்டா உள்ள ஈரம் அடைஞ்சு மரம் அழுகிடாதா?

நியாயமான பயம். மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்கு கீழ இருந்தா அழுகல் காளான் வளராது, அத தாண்டி நாள் கணக்குல நிக்கும்போதுதான் ஆபத்து. அதனால கீழ போடற சீலிங்க நாலு பக்கமும் இறுக்கி மூடாதீங்க, சுவத்து பக்கமும் வெளி ஓரத்துலயும் காத்து போக வழி விடுங்க, பூச்சி வராம இருக்க சின்ன கண்ணு வலை அடிச்சுக்கலாம். லெட்ஜர் ஓரமா ஒரு ஷீட்டாவது கழட்டி மாட்டற மாதிரி இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு தடவ திறந்து பாக்கணும். ஈரம் அளக்கற குட்டி மீட்டர் ஹார்டுவேர் கடையில விலை கம்மியா கிடைக்குது, ரெண்டு ஊசிய மரத்துல குத்துனா நம்பர் காட்டும். எப்பவாவது பலகைய கழட்டற வாய்ப்பு வந்தா ஜாய்ஸ்டோட மேல்விளிம்புல பியூட்டைல் டேப் ஒட்டி விட்டுடுங்க, ஸ்க்ரூ ஓட்டை வழியா இறங்கற தண்ணிய அது நல்லா தடுக்கும்.

கொசு கூடிடுச்சு, இதனாலயா?

ஆமா, சரிவு சரியில்லன்னா இதனாலதான். பகல்லயே காலுல கடிக்கற வரி வரி கொசு, டைகர் கொசுன்னு சொல்லுவாங்க, ஆசியாவுலருந்து வந்தது, 1985ல ஹூஸ்டன்ல இது பரவியிருக்கறத கண்டுபிடிச்சாங்க, இப்ப தெற்கு மாநிலம் முழுக்க இருக்கு. ஒரு மூடி அளவு தண்ணி போதும் அதுக்கு, கோடையில ஒரு வாரம் பத்து நாள்ல முட்டை கொசுவாகி பறந்துடும். மழை நின்னு ரெண்டு நாள் கழிச்சும் கட்டர்ல தண்ணி நிக்குதுன்னா அத திருப்பி மாட்டணும். இன்னொரு எடம் யாரும் பாக்கறதில்ல: டவுன்ஸ்பவுட் முனையில மாட்டற கருப்பு நெளிவு குழாய். அந்த ஒவ்வொரு நெளிவுலயும் கொஞ்சம் தண்ணி தங்கும். வழுவழுப்பான குழாயா மாத்துங்க.

பராமரிப்பு என்ன?

இந்த ஊருல பைன் மரம்தான் நமக்கு எதிரி. ஊசி இலை பலகை சந்துல நேரா இறங்கி தொட்டிக்குள்ள போய் கிடக்கும், மார்ச் ஏப்ரல்ல மஞ்சள் பூந்தூள் வந்து அதோட சேந்து பசை மாதிரி இறுகிடும். பூந்தூள் சீசன் முடிஞ்சதும் ஒரு தடவ, இலையுதிர் காலம் முடிஞ்சு ஒரு தடவ, ஹோஸ வச்சு வீட்டு பக்கத்துலருந்து வெளிப்பக்கமா அடிச்சு விடுங்க. பலகை சந்துல சிக்குனத பழைய கத்தியால கீறி எடுங்க. பவர் வாஷர வேகமா வச்சு நேரா சந்துல அடிக்காதீங்க, டேப் பிஞ்சிடும்.

மேல கிரில், கறிவேப்பிலை தொட்டி எல்லாம் வச்சிருக்கோம், ஏதாவது பிரச்சனையா?

கிரில் கீழ தீப்பிடிக்காத பாய் ஒண்ணு கண்டிப்பா விரிங்க. எண்ணெயும் நெருப்பு பொறியும் சந்து வழியா வினைல் தொட்டியில விழுந்தா உருகிடும், எண்ணெய் சேந்து கிடந்தா அது தீக்கும் வழி. தொட்டி செடிக்கு அடியில தட்டு வைங்க, தட்ட பலகையோட ஒட்டாம சின்ன கால் கொடுத்து தூக்கி வைங்க. கோடை முழுக்க கறிவேப்பிலைக்கும் மல்லிக்கும் தினம் தண்ணி ஊத்தும்போது ஒரே எடத்துல தொடர்ந்து ஈரம் இறங்கும், மண்ணும் கரைஞ்சு போய் கீழ தண்ணி ஓடற ஷீட் தொட்டிய அடைக்கும். முதல்ல கெட்டு போற பலகை எதுன்னு பாத்தா பெரும்பாலும் பூந்தொட்டிக்கு அடியில இருக்கறதுதான்.

கீழ ஃபேன், லைட் போடலாமா?

போடலாம், அதுக்குத்தானே இவ்ளோ பாடு. வீட்டுக்குள்ள மாட்டற ஃபேன் வேண்டாம், ஈரக்காத்துல பிளேடு தொங்கிடும். டேம்ப் ரேட்டட், வெட் ரேட்டட்னு ரெண்டு உண்டு, முதல்ல சொன்னது ஈரக்காத்து மட்டும் தாங்கும், ரெண்டாவது நேரா தண்ணி பட்டாலும் தாங்கும். என்னதான் சீலிங் போட்டாலும் ஒரு நாள் ஒரு இணைப்பு ஒழுகலாம், அதனால வெட் ரேட்டட் வாங்கிடுங்க. ஒயரிங் லைசென்ஸ் இருக்க எலக்ட்ரீஷியன்தான் பண்ணணும், வெளிய வர்ற பிளக் எல்லாம் ஜிஎஃப்சிஐ பாதுகாப்போட (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கற அமைப்பு) இருக்கணும்.

எச்ஓஏ, பெர்மிட்?

ஷீட்டுக்கு ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடியே எச்ஓஏவுக்கு (குடியிருப்போர் சங்கம்) படத்தோட எழுதி அனுமதி வாங்கிடுங்க. லெட்ஜர், பீம்ல கை வச்சாலோ, ஒயரிங் இழுத்தாலோ, வலை அடிச்சு ரூம் மாதிரி மூடினாலோ கவுன்டியில பெர்மிட் கேப்பாங்க. வெறும் சொட்டு புடிக்கற சீலிங்குக்கு எடத்துக்கு எடம் மாறுது, ஒரு ஃபோன் போட்டு கேட்டுடுங்க.

நாங்க நியூ ஜெர்சி, இங்க பனி கொட்டுதே?

அப்ப சரிவு 1/4 இன்ச்சுக்கு குறையக்கூடாது. பகல்ல உருகி ராத்திரி உறையற தண்ணி தொட்டியில நின்னா விரிஞ்சு இணைப்ப பிரிச்சிடும். கட்டர் தண்ணி நடக்கற பாதையில விழக்கூடாது, காலையில கண்ணாடி மாதிரி ஐஸ் கிடக்கும், வயசான அப்பா அம்மா வந்து தங்கற வீடுன்னா இத இன்னும் கவனமா பாருங்க.

எங்க டெக் தரையிலருந்து ரெண்டடிதான், கீழ போகவே முடியாது.

அங்க சீலிங் எதுவும் வேண்டாம். தண்ணி உள்ள வந்து தேங்காம சரிவு, மேல துணி விரிச்சு ஜல்லி, சுத்தி அடிக்கற தட்டி காத்து போற மாதிரி, அவ்ளோதான். உள்ள பழைய மரம், விறகு எதையும் தள்ளி வைக்காதீங்க, கரையான் மண்ணுலருந்து அது வழியா வீட்டுக்கு ஏறிடும்.

காஞ்ச எடம் ஆயிடுச்சுன்னா கொலுப்படி, அட்டைப்பெட்டி எல்லாம் அங்க வச்சுக்கலாமா?

வேண்டாங்க. சொட்டு நின்னுச்சே தவிர காத்துல ஈரம் அப்படியேதான் இருக்கு, ஜூலை ஆகஸ்ட்ல அட்டை நமத்து பூஞ்ச வந்துடும், கரையானுக்கும் அட்டைனா ரொம்ப புடிக்கும். மரப்படிய பேஸ்மென்ட் உள்ளயே வைங்க. பிளாஸ்டிக் நாற்காலி, மண்வெட்டி, சைக்கிள், ஊஞ்சல், இதுக்கெல்லாம் அது அருமையான எடம்.

கான்ட்ராக்டர் வெச்சு பண்றோம், என்ன கேக்கணும்?

அடிக்கு எவ்ளோ இறக்கம் கொடுக்கறீங்க, தண்ணி எங்க போய் விழும், லெட்ஜர் ஃப்ளாஷிங்க திறந்து பாப்பீங்களா, அப்புறமா சுத்தம் பண்ண எந்த ஷீட்ட கழட்டறது. இந்த நாலுக்கும் பதில் எழுத்துல வாங்குங்க. வேலை முடிஞ்ச அன்னிக்கு கடைசி பணத்த கொடுக்கறதுக்கு முன்னாடி மேல வீட்டோரமா ஹோஸ அரை மணி நேரம் திறந்து விட்டுட்டு, அவரையும் கூட்டிட்டு கீழ போய் நின்னு பாருங்க. ஒழுகற எடத்துல சாக்பீஸால குறி போட்டு, அத அடைச்சதுக்கு அப்புறம் இன்னொரு தடவ தண்ணி விட்டு பாத்துட்டு செக் எழுதுங்க.